ஆணியில் தொங்கிய துண்டு

அந்த அச்சகத்துக்குள் நுழைந்ததும் வலதுகைப் பக்கம் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு துண்டு. வாங்கிய அன்றைக்கு வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்த நாளிலிருந்து அதற்கு நிறம் சொல்ல முடியாது. அச்சு மை, மண்ணெண்ணெய், வியர்வை, மத்தியானக் குழம்பு, யாரோ ஒருவருடைய மூக்குப்பொடி எல்லாம் அதில் ஏறியிருந்தன. வேலை பார்த்த ஒன்பது பேருக்கும் அது ஒன்றுதான். முகம் துடைப்பதும் அதில்தான், கை துடைப்பதும் அதில்தான். யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரே குடும்பமாய்ப் பழகுகிறோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றுகூட நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எழுபதைத் தாண்டிய பிறகு, தூக்கம் வராத ராத்திரிகளில் யார் யாரோ நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு அடிக்கடி அந்தத் துண்டு வரும்.

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அச்சகம். இரண்டு டிரெடில் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், ஈய எழுத்துகள் நிரம்பிய கேஸ்கள், கூரையோரம் ஒரு சின்ன ஜன்னல். மழை வந்தால் காகிதம் நமுத்துவிடும் என்று அந்த ஜன்னலையும் சாத்திவிடுவோம். கம்போசிங் ஆட்கள் நான்கு பேர், மெஷின்காரர், பைண்டிங்கில் ஓர் அக்காவும் ஒரு பையனும், மெய்ப்புப் பார்க்கப் புலவர் ஐயா. இவர்களுக்கெல்லாம் மேலே ஃபோர்மேன் என்று நான். வயது 28. மற்றவர்களைவிடச் சம்பளம் கொஞ்சம்தான் கூட. அதிகாரம் மட்டும் தலை கொள்ளாத அளவு.

ஒன்பதோடு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கலாம். அப்போது மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வந்துவிடும். எங்கள் முதலாளி கணக்கில் கெட்டிக்காரர். பத்தாவது ஆள் தேவைப்பட்டால் ஒன்பது பேரையும் கொஞ்சம் கூடுதலாக விரட்டுவார். அவருக்காக விரட்டுகிற வேலை என்னுடையது.

1982 ஐப்பசி. அந்த மாதத்தை அச்சகத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜவுளிக்கடைத் தீபாவளி நோட்டீஸ் ஒரு பக்கம், ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் இன்னொரு பக்கம், இதற்கிடையில் கோயில் ரசீதுப் புத்தகம். வெளியே அடைமழை. ஒரு காலை மெஷின்காரர் என் முன்னால் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. இமையோரம் பீளை.

“தம்பி, கண்ணுக்குள்ள மண்ண அள்ளிப் போட்டாப்புல உறுத்துது. ரெண்டு நாளு வீட்ல இருந்துட்டு வந்துர்றேன்” என்றார்.

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “கண்ணுதானண்ணே செவந்திருக்கு. கைக்கு என்ன கேடு?”

சொல்லிவிட்டு நாலு பேர் சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். சிரித்தார்கள். மெஷின்காரரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அவருக்கு அன்றைய கூலி 12 ரூபாய். வராவிட்டால் அதுவும் கிடையாது, தீபாவளிக் காசிலும் முதலாளி கை வைப்பார். அவர் பேசாமல் போய் மெஷினில் நின்றார். நடுநடுவே வந்து முகம் கழுவி, ஆணியில் தொங்கிய துண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை கழுவுகிற ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். ஈய எழுத்தைத் தொட்ட கை சும்மா தண்ணீருக்கு அசையாது. முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் மரத்தூள், அப்புறம் 501 சோப்புத் துண்டு. குழாய் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில் எல்லோரும் கையை முக்கி எடுப்போம். காலையில் வைத்த வாளி சாயங்காலம் வரை அதே தண்ணீர்தான். இத்தனை கழுவியும் நாங்கள் கழுவியது மையை மட்டும்தான் என்பது அப்போது தெரியாது.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மெஷின்காரருடைய கண்ணும் ஓடிக்கொண்டிருந்தது, மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. “பாத்தீங்களா, லீவு குடுத்திருந்தா ரெண்டு நாள் வேலை போயிருக்கும்” என்று முதலாளியிடம் மார்தட்டினேன். அந்த வாரம் முழுக்கக் கிருமி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கண்ணுக்குள் புகுந்த பிறகு அது முகம் காட்ட ஐந்து நாளும் ஆகலாம், பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியைத்தான் நான் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கம்போசிங் ஆட்களில் இருவர். மறுநாள் பைண்டிங் அக்கா. அதற்கு மறுநாள் காலையில் நான் கண் விழிக்கப் பார்த்தால் இமை திறக்கவில்லை. பசை போட்டு ஒட்டிய மாதிரி இருந்தது. வெந்நீரில் துடைத்துத் திறந்துகொண்டு, நேராக முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று இரண்டு நாள் லீவு கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: “கண்ணுதானப்பா செவந்திருக்கு, கைக்கு என்ன கேடு? நீ சொன்னதுதான். நல்லாச் சொன்ன.”

திரும்பி வரும்போது பெரியார் பஸ் நிலையத்து நடைபாதையில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் எல்லோரும் நம்பிய சங்கதி இது: கண்வலிக்காரன் கண்ணைப் பார்த்தால் நமக்கும் வந்துவிடும். பார்வை வழியாகத் தாவும் நோய். ஆகவே கறுப்புக் கண்ணாடி போட்டு மறைத்தால் போதும். நான் போட்டதைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர், கறுப்புக் கண்ணாடிக்கு ஊரில் ஒரு தனி மரியாதை. நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில், ஈயத்தில் இடம் வலமாக மாறித் தெரிகிற எழுத்துகளை, கூலிங் கிளாஸ் மாட்டிய ஆட்கள் வரிசையாக நின்று பொறுக்குகிற காட்சியை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. மெஷின்காரர் கறுப்புக் கண்ணாடியோடு டிரெடிலுக்குள் கை நீட்டிக் காகிதம் வைத்ததை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. விரல் போகாமல் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம், என்னுடையதும்தான். கண்ணாடி வாங்கக் காசில்லாத இரண்டு பையன்கள் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கண்வலிக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில் மட்டும் மனிதர்கள் ஊருக்கு ஊர் ஒற்றுமை. யாருமே தன் பெயரை வைப்பதில்லை. நாங்கள் ‘மெட்ராஸ் ஐ’ என்றோம். மதுரைக்காரனுக்கு மெட்ராஸ்மேல் பழி போட்டதில் ஒரு திருப்தி. கல்கத்தாவில் 1971-ல் வங்கதேசத்து அகதிகள் வந்துகொண்டிருந்த சமயம் இதே மாதிரி கண்வலி ஊரைச் சுற்றியது. அங்கே அதற்கு ‘ஜெய் பங்களா’ என்று பெயர். அதற்கும் முன்னால், 1969-ல், ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் ஒரு கண்வலி பரவியபோது அதை நிலாவுக்குப் போன ‘அப்போலோ 11’ பெயரால் அழைத்தார்களாம். வைரஸில் ஜாதி வேறு வேறு. எங்களுக்கு வந்தது ஒரு வகை, கானாவில் பரவியது வேறு வகை. சிவந்த கண்ணும் அடுத்தவன்மேல் பழியும் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

கடைசியில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுக்காரர். என் கூலிங் கிளாஸைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இது உங்களுக்கு வெயில் கூசாம இருக்கத்தான். அடுத்தவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. பார்த்தா வராதுங்க, தொட்டாத்தான் வரும்” என்றார். நான் நம்பவில்லை. அவர் பொறுமையாக விரல் மடக்கிச் சொன்னார்: கண்ணிலிருந்து கைக்கு, கையிலிருந்து ஒரு சாமானுக்கு, சாமானிலிருந்து இன்னொருத்தன் கைக்கு, அவன் கையிலிருந்து அவன் கண்ணுக்கு. “இந்தச் சங்கிலில ஒரு கண்ணிய அறுத்துட்டாப் போதும். உங்க ஆபீஸ்ல எல்லாரும் தொடுற சாமான் என்ன இருக்கு?”

நான் பதில் சொல்லவில்லை. ஆணி, துண்டு, வாளி மூன்றும் கண் முன்னால் வந்து நின்றன. நாலாவதாக ஒன்று வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புலவர் ஐயாவின் பூதக்கண்ணாடி.

புலவர் ஐயா பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் போதாமல் எங்களிடம் மெய்ப்புத் திருத்த வந்தார். பொடி எழுத்துக்காக ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். பித்தளை வளையம், எருமைக்கொம்புப் பிடி. எழுத்து முனை முறிந்திருக்கிறதா என்று பார்க்க நான் அதைக் கேட்காமலே எடுப்பேன். கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். கண்வலி வந்த பிறகு இன்னும் நெருக்கமாக வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அவர் மேஜையில் வைத்துவிடுவேன். இந்த வகைக் கிருமி காய்ந்த சாமானின்மேல்கூட நாள்கணக்கில் கிடக்கும், சில சமயம் வாரக்கணக்கிலும் கிடக்கும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

டாக்டரிடமிருந்து வந்த அன்றே துண்டை எடுத்துக் கொளுத்தினேன். வாளியின் அடியில் ஆசாரியை விட்டு ஒரு குழாய் வைக்கச் சொன்னேன். தண்ணீர் விழ விழக் கழுவ வேண்டும், யாரும் கையை முக்கக் கூடாது. அவரவர் துண்டு அவரவர் வீட்டிலிருந்து. எல்லாம் சரிதான். ஆனால் நாலு நாள் கழித்துப் புலவர் ஐயா வரவில்லை.

எங்களுக்கெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் கண் வெளுத்துவிட்டது. அவருக்குச் சிவப்புப் போன பிறகும் பார்வை தெளியவில்லை. சிலருக்கு இப்படி ஆகும்; கருவிழியில் சின்னச் சின்னப் புள்ளியாய் மங்கல் விழுந்து, அது கரைய மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னார். “எழுத்துக்குள்ள புகை அடிச்ச மாதிரி இருக்கு தம்பி. விளக்கப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது” என்றார் ஐயா. எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் இல்லாத அந்த வாரத்தில்தான் அது நடந்தது. கூலிங் கிளாஸ் பையன் ஒருவன், அடித்து முடித்த பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்து அறை அறையாகப் போட்டவன், ‘வி’ கிடக்க வேண்டிய அறையில் கொஞ்சம் ‘ம’வைக் கொட்டிவிட்டான். அச்சுக் கோப்பவன் எழுத்தைப் பார்த்து எடுப்பதில்லை. கை தானாகப் போகும். மெய்ப்பை என் மங்கல் கண்ணால் நானே பார்த்து ‘சரி’ போட்டேன். 500 பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று. மறுநாள் பெண்ணைப் பெற்றவர் வந்து மேஜைமேல் ஒரு பத்திரிகையை விரித்து வைத்தார். ‘அன்று மாலை மருந்துபசாரம் நடைபெறும்’ என்று இருந்தது. “மாப்பிள்ளைக்கா பொண்ணுக்கா, யாருக்கு என்ன நோயின்னு சம்பந்தி கேக்குறாரு. நா என்ன சொல்ல?” என்றார்.

500-ஐயும் மறுபடி அடித்தோம். காகிதம், கூலி, ராத்திரி மின்சாரம் எல்லாம் சேர்த்து முதலாளி கணக்குப் போட்டபோது முந்நூறு ரூபாய்க்கு மேல் போயிருந்தது. மெஷின்காரர் கேட்டது இரண்டு நாள். கூலியோடு கொடுத்திருந்தாலும் 24 ரூபாய். டாக்டர் சொல்வது போலக் கண்ணில் நீர் வடிவது நிற்கும்வரை, பத்து நாளே கொடுத்திருந்தாலும் 120. இந்தக் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலாளியும் சொல்லவில்லை. கணக்கில் கெட்டிக்காரர்தான், ஆனால் சில கூட்டல்களை அவர் போடமாட்டார்.

நான் ஒரு காரியம் செய்தேன். பிராயச்சித்தம் என்று பெரிய பெயர் வைக்க வேண்டாம். ஐயாவின் சம்பளம் நின்றுவிடக் கூடாது என்ற கவலைதான். தினம் வேலை முடிந்ததும் மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். திண்ணையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எழுத்தெழுத்தாக வாசிப்பேன். “அங்க ஒற்று வருமே, இருக்கா?” என்பார். இருக்காது. போடுவேன். “ஏன் வரும்னு தெரியுமா?” என்பார். தெரியாது. சொல்லிக் கொடுப்பார். நாலு மாதம் இப்படி. எட்டாம் வகுப்போடு கம்போசிங்குக்கு வந்தவன் நான். எனக்குத் தெரிந்த சந்தி இலக்கணமெல்லாம் அந்தத் திண்ணையில் கிடைத்தது. அவர் கண்ணைக் கெடுத்தவனுக்கு அவர் கண் திறந்துவிட்டார் என்று எழுதலாம். எழுதினால் ஐயா ‘மிகைப்பட எழுதாதே’ என்று சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்.

சித்திரை வாக்கில் அவருக்குப் பார்வை தெளிந்தது. பூதக்கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் வைத்து எடுத்து, ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அதன் பிறகு நான் கேட்டுத்தான் வாங்கினேன்.

ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. அந்தக் கண்வலிக்கு முன்பு, அதே வருஷம் பங்குனியில் பைண்டிங் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. சின்னம்மை. அன்றைக்கு அதே முதலாளி என்ன செய்தார் தெரியுமா? செய்தி வந்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டு, தெப்பக்குளம் மாரியம்மன் இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டார். இளநீரும் நுங்கும் வாங்கிக் கொடுத்தனுப்பினார். “மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் அவன் இந்தப் பக்கமே வரப்படாது. கூலிய நிறுத்தாதே” என்று என்னிடம் சொன்னார். அச்சகத்துக்கு அடுத்தாற்போல் இருந்த அவர் வீட்டில் தாளிப்பு வாசனைகூட வரவில்லை. பையன் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. கடன் கேட்க வந்தவன்கூட அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

யாரும் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. ‘கை நல்லாத்தானே இருக்கு’ என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கத் துணிவேனா? ஆத்தா கோபித்துக்கொள்வாள். சின்னம்மை காற்றிலும் பரவும், கொப்புளம் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை விடாது. ஆகவே வேப்பிலை செருகியும் இரண்டு வாரம் கழித்து இன்னொரு பையனுக்கு வந்தது உண்மைதான். ஆனால் அவனோடு நின்றது. பெரியம்மை காலத்திலிருந்து நம் சனங்கள் பழகிய பழக்கம் அது. பெரியம்மையே உலகத்தை விட்டு ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்துவிட்டார்கள்; வேப்பிலை மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த இலையில் மருந்து இருக்கிறதா என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். ‘உள்ளே நோய், வெளியே நில்’ என்று அது ஓர் எழுத்துகூட இல்லாமல் சொல்லியது. அச்சுக்காரனாக எனக்கு அதில் பொறாமை உண்டு. படுத்திருப்பவனுக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமல் படுக்க ஒரு பாயும் போட்டுக் கொடுத்தது.

கண்வலிக்கும் காய்ச்சலுக்கும் அப்படி ஓர் ஆத்தா இல்லை. அதுதான் சிக்கல்.

சட்டம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் ஆலைகளில் மாட்டி வைக்க வேண்டும் என்பதால், அதைப் போஸ்டராக அடித்துக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வரும். நானே கோத்திருக்கிறேன். ஓர் ஆளுக்கு இத்தனை கன அளவு இடம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், கை கழுவ வசதி வேண்டும், கண்ட இடத்தில் துப்பினால் 5 ரூபாய் வரை அபராதம். வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு இதைக் கோத்தேன். கோத்து முடித்துச் சந்துக்குள் போய்த் துப்பிவிட்டு வந்தேன். ஒன்பது பேர் கொண்ட எங்கள் அறைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது அல்லவா! தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யும் எங்களை எட்டவில்லை. இன்றைக்கு அதில் இருக்கிற தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. கிடைக்கிறவர்கள் புண்ணியவான்கள். அதற்கு வெளியே நிற்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

பிறகு காலம் மாறிற்று. ஈயம் போய் ஆஃப்செட் வந்தது; கேஸ்களை எடைக்குப் போட்டோம். நான் ஓய்வு பெற்றேன். என் அக்கா மகன் ஒருவன் அச்சகம் நடத்துகிறான். பொழுது போகாதபோது அங்கே போய் உட்காருவேன். மெய்ப்புப் பார்ப்பேன், காபி குடிப்பேன்.

2020 மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா. அந்த மாதக் கடைசிக்குள் நாடே பூட்டு. பூட்டுத் திறந்ததும் மருமகன் அச்சகத்தை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிவிட்டான். வாசலில் சானிடைசர், உள்ளே போனால் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி, ரூபாய் நோட்டுக்கு இஸ்திரி, மேஜைக்கு மணிக்கு ஒரு தடவை மருந்துத் தெளிப்பு. எல்லோருக்கும் மாஸ்க், பாதிப் பேருக்கு அது தாடையைக் காத்தது. டிசைன் பண்ணும் ஏசி அறையில் மட்டும் ஆறு பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்து, கதவை இறுகச் சாத்திக்கொண்டு, நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். “ஜன்னலத் திறங்கப்பா” என்றால், “மாமா, ஏசி வெளிய போயிரும்” என்றான்.

பொது சுகாதாரம் படிக்கிற பேத்தி ஒரு நாள் செல்போனில் ஓர் ஆய்வை எனக்கு வாசித்துக் காட்டினாள். தென் கொரியாவில் சியோல் நகரத்தில் ஒரு பல மாடிக் கட்டடம். பதினோராவது மாடியில் ஒரு கால் சென்டர். 2020 மார்ச்சில் கட்டடத்தோடு சம்பந்தப்பட்ட 1,143 பேரைச் சோதித்ததில் 97 பேருக்குத் தொற்று. அதில் 94 பேர் அந்த ஒரே மாடியில் இருந்தவர்கள். அந்த மாடியில் வேலை பார்த்தவர்களே 216 பேர்தான். அதிலும் பெரும்பாலோர் தளத்தின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். லிஃப்ட்டையும் வாசலையும் எல்லா மாடிக்காரர்களும்தான் தொட்டார்கள். அவர்களில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெருக்கமாய், நெடுநேரம், ஒரே காற்றில் உட்கார்ந்து பேசியவர்களைத்தான் அது பிடித்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1982-ல் தொட்டால் வரும் நோய்க்குக் கண்ணை மறைத்தோம். 2020-ல் காற்றில் வரும் நோய்க்கு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கொள்ளைப்பக்கம் திருடன் வருவான், நாம் தெருவாசலில் கம்போடு நிற்போம். கை கழுவுவது வீண் என்று சொல்லவில்லை. கொரோனாக் கிருமியின் கொழுப்புச் சட்டையைச் சோப்பு கரைத்துவிடும், நல்லதுதான். ஆனால் ஏசிக்காரப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரு திறந்த ஜன்னல். அதைவிட முக்கியமாய் வேண்டியது என்ன என்பது அடுத்த வருஷம் தெரிந்தது.

2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். மார்ச் முழுக்க அச்சகங்களுக்குத் தூக்கமில்லை. ஒரு காலை போனபோது டிசைன் அறையில் ஒரு பையன் மாஸ்க்குக்குள் இருமிக்கொண்டிருந்தான். கண் பஞ்சடைந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. வாசல் துப்பாக்கி அவனை எப்படி விட்டது என்று விசாரித்தால், காலையிலேயே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். “வீட்டுக்குப் போப்பா” என்றேன். “இல்ல தாத்தா, லேசா சளிதான். லீவு போட்டா சம்பளத்துல புடிச்சிருவாங்க. நைட்டுக்குள்ள வேட்பாளர் நோட்டீஸ் முடிக்கணும்” என்றான். மருமகன் வாசலில் நின்று, “அவனுக்குக் காய்ச்சல்தானே மாமா, மவுஸ் புடிக்கக் கை நல்லாத்தானே…” என்று ஆரம்பித்தான்.

நாற்பது வருஷம் கழித்து என் வாக்கியம் அட்சரம் பிசகாமல் திரும்பி வந்துவிட்டது. அச்சேறிய எழுத்து அழியாது என்பார்கள்; இது அச்சேறாமலே அழியவில்லை.

நான் கோபப்படவில்லை. யார்மேல் கோபப்பட? வெளியே போனேன். சந்து முனையில் வேப்பமரம்; பங்குனித் துளிர் மினுமினுத்தது. ஒரு கொத்து ஒடித்து வந்து அந்தப் பையனின் நாற்காலி முதுகில் செருகினேன். “இவனுக்கு அம்மை. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வரப்படாது. கூலிய நிறுத்தாதே” என்றேன். ஏசி அறையே சிரித்தது. மருமகனுக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் அவன் அம்மா வளர்த்த பிள்ளை. வேப்பிலையைப் பிடுங்கிப் போட அவன் கை வரவில்லை. பையனிடம் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, “போய்ப் படுடா, சம்பளம் பிடிக்கமாட்டேன்” என்று சொல்லி அனுப்பினான். ஜன்னலையும் திறந்தான், வெக்கையில் எல்லோரும் என்னைத் திட்டியபடி வேலை பார்த்தார்கள்.

பையனுக்குச் சோதனையில் கொரோனா என்று வந்தது. பக்கத்து நாற்காலிக்காரப் பெண்ணுக்கும் வந்தது, லேசாக. மற்ற நாலு பேர் தப்பினார்கள். வேப்பிலை காப்பாற்றியது என்று நான் சொன்னால் பேத்தி என்னை விடமாட்டாள். வேட்பாளர் நோட்டீஸ் ஒரு நாள் தாமதமாகப் போனது. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று நான் கவனிக்கவில்லை.

அந்தக் கொத்து காய்ந்து சருகான பிறகும் நாற்காலியிலேயே வெகுநாள் இருந்தது. பெருக்கும் அம்மா அதை எடுக்க மறுத்துவிட்டார். போன வாரம் போயிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். மருமகனுடைய போன் மேஜைமேல் கிடந்து டிங் என்றது. எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினான். மெஷினில் வேலை பார்க்கிற ஒரு பையன் அனுப்பியிருந்தான்: ‘அண்ணே, ராத்திரிலேர்ந்து காய்ச்சல். இன்னிக்கு வேப்பிலை.’

‘சரிடா’ என்று தட்டிவிட்டு, மருமகன் எனக்குக் காபி சொன்னான்.